பூனை எப்போது நிற்க வேண்டும்?
(ஸ்கிராட்ச் படத்தில் நேரமும் நிறுத்தமும் – நான் கற்றுக்கொண்டது)



போன தடவை சுவரிதழில் கோலத்தில் இருக்கும் கணக்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். நன்றாக இருந்தது. இந்த தடவை கணினி பற்றி எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "நீதானேம்மா அந்த ஓமந்தூரார் படத்தைச் செஞ்சே, அதுல என்னென்ன தப்பு வந்துச்சுன்னு எழுது, அதுவே பாடம்" என்றார். தப்பு என்றால் எனக்குப் பஞ்சமே இல்லை. அதனால் நாலு தாள் ஒட்டி எழுதியிருக்கிறேன். நின்றுகொண்டே படிக்க வேண்டும், மன்னிக்கவும்.

முதலில் ஸ்கிராட்ச் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவும் பிள்ளைகளுக்காகச் செய்த மென்பொருள். 2007-ல் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். காசு கிடையாது. பத்தாம் வகுப்பு அக்காக்களின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கடைசி பாடத்தில் வரும். கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், அதற்கு பிளாக் என்று பெயர். ஒன்றின் கீழே ஒன்று ஒட்டினால் வரிசையாக நடக்கும். திறந்தவுடன் ஒரு ஆரஞ்சு நிறப் பூனை நிற்கும். அது நிற்கும் இடத்துக்கு மேடை என்று பெயர். மேடையின் அகலம் 480, உயரம் 360. சென்டிமீட்டர் இல்லை, அவர்கள் கணக்கில் அது ஒரு அளவு, அவ்வளவுதான்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். 'ஃபாரெவர்' என்ற பிளாக் (எப்போதும் திரும்பத் திரும்பச் செய் என்று அர்த்தம்), அதற்குள் 'மூவ் 10 ஸ்டெப்ஸ்', அதற்குக் கீழே 'நெக்ஸ்ட் காஸ்ட்யூம்'. பூனைக்கு இரண்டு உடை உண்டு. ஒன்றில் கால் இப்படி, இன்னொன்றில் கால் அப்படி. மாற்றி மாற்றிக் காட்டினால் நடப்பது போல் தெரியும். பச்சைக் கொடியை அழுத்தினேன். பூனை காணோம்! மேடையின் வலது ஓரத்தில் வால் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த தோழி "ஓடிப்போச்சுடி" என்றாள்.

ஏன் ஓடியது? கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும். ஸ்கிராட்ச் ஒரு விநாடிக்கு சுமார் 30 தடவை மேடையைப் புதுப்பிக்கும். நகரும் வேலை உள்ள ஃபாரெவர் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 10 அடி என்றால் ஒரு விநாடிக்கு 300 அடி. மேடையே 480 தான். ஆக 1.6 விநாடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும். பூனை நடு மேடையில் நின்றதால் கிட்டத்தட்ட அதில் பாதி நேரம்தான் ஆனது. காலும் ஒரு விநாடிக்கு 30 தடவை மாறுகிறது. எந்தப் பூனை அப்படி நடக்கும்?

சரி என்று 'வெயிட் 0.1 செகண்ட்ஸ்' பிளாக்கை உள்ளே போட்டேன். இதுதான் நிறுத்தம். இப்போது ஒரு விநாடிக்குப் பத்து சுற்று அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. பூனை மேடையைக் கடக்க கிட்டத்தட்ட 5 விநாடி. ஆனால் இப்போது வேறு வம்பு. கால் சரியாக இருக்கிறது, உடம்பு விட்டு விட்டு நகர்கிறது. டவுன் பஸ்ஸில் டிரைவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டுவது போல.

இதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மதிய இடைவேளை ஆனது. நிறுத்தம் காலுக்குத்தான் வேண்டும், நகர்வதற்கு வேண்டாம். அதனால் இரண்டு தனித் தனி வரிசையாகப் பிரித்துவிட வேண்டும். இரண்டுக்கும் மேலே பச்சைக் கொடி பிளாக். முதல் வரிசையில் ஃபாரெவர், அதற்குள் 'மூவ் 3 ஸ்டெப்ஸ்' மட்டும். இரண்டாவது வரிசையில் ஃபாரெவர், அதற்குள் 'நெக்ஸ்ட் காஸ்ட்யூம்', 'வெயிட் 0.2'. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். உடம்பு வழுக்கிக்கொண்டு போகும், கால் நிதானமாக மாறும். நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு அந்தப் பூனை நடந்ததைப் பார்த்து நான் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பெரிய எழுத்தில் எழுத இடம் இல்லை, அதனால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். வெயிட் பிளாக் தான் இருக்கும் வரிசையை மட்டும்தான் நிறுத்தும். மற்ற வரிசைகள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் அம்மா "இரு, குழம்பு இறக்கிட்டு வரேன்" என்று எனக்குச் சொன்னால் நான் நிற்பேன். தம்பி நிற்க மாட்டான். அவனுக்குச் சொல்லவில்லையே!

சினிமாவிலும் இதே கணக்குதான். தியேட்டரில் ஓடும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். கையால் வரையும் கார்ட்டூனில் 24-ம் வரைய வேண்டும் என்றால் கை ஒடிந்துவிடும். அதனால் பல இடங்களில் ஒரே படத்தை இரண்டு தடவை காட்டி, விநாடிக்கு 12 படம் மட்டும் வரைவார்கள். நம் நாட்டில் 1957-லேயே பிலிம்ஸ் டிவிஷன் என்ற மத்திய அரசு நிறுவனம் 'தி பேனியன் டீர்' என்று ஒரு கார்ட்டூன் எடுத்திருக்கிறது. டிஸ்னி கம்பெனியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து சொல்லிக்கொடுத்து எடுத்தது. விநாடிக்கு 12 என்று வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படம். நமக்கு ஒரு பூனைக்கு இரண்டு உடையே போதும், எவ்வளவு சுலபம்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

பிப்ரவரி 1 ஓமந்தூரார் பிறந்தநாள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1895-ல் நம் ஊரில் பிறந்தவர். 1947 மார்ச் மாதம் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். (அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) அதாவது நாடு சுதந்திரம் அடைந்த அன்று நம் மாகாணத்தை ஆண்டவர் நம் ஊர்க்காரர். சென்னையில் அவர் பெயரில் அரசினர் தோட்டம் இருக்கிறது. பதவியை விட்ட பிறகு வடலூருக்குப் போய்விட்டார். நம் பள்ளியில் அந்த நாளுக்கு எப்போதும் பேச்சுப் போட்டிதான். இந்த வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடலாம் என்று சொன்னோம். டீச்சரும் சரி என்றார்.

எதைக் காட்டுவது? அவர் ஆட்சியில் 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லி வெளியே நிற்க வைத்திருந்த மக்கள் கோயிலுக்குள் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது என்ற சட்டம். அதையே காட்டலாம் என்று முடிவு செய்தோம். ஒரு கோயில், மூடிய கதவு, வெளியே மக்கள். கதவு திறக்கும். மக்கள் உள்ளே போவார்கள். அவ்வளவுதான் கதை. கோயிலைப் பெயின்ட்டில் நானே வரைந்தேன். கோபுரம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

வசனம் எழுதும்போது தமிழம்மா ஒன்று சொன்னார். ஓமந்தூரார் என்ன பேசினார் என்று நமக்குத் தெரியாமல் அவர் வாயில் நம்முடைய வசனத்தை வைக்கக் கூடாதாம். நியாயம்தானே. அதனால் பூனையே கதை சொல்லட்டும் என்று வைத்தோம். பூனைக்கு எந்த வசனம் வைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் விநாடிக் கணக்கில் செய்தேன். பூனை இரண்டு வசனம் பேசும். ஒவ்வொன்றும் 'சே ... ஃபார் 3 செகண்ட்ஸ்', அதாவது வாய்க்கு மேல் வெள்ளைக் குமிழில் எழுத்து 3 விநாடி இருந்து மறையும். ஆக 6 விநாடி. கதவின் வரிசையில் 'வெயிட் 6', பிறகு திறந்த கதவு உடை. மக்கள் கூட்டத்தின் வரிசையில் 'வெயிட் 7', பிறகு 'கிளைடு 3 செகண்ட்ஸ்', அதாவது மூன்று விநாடியில் வழுக்கிக்கொண்டு கோயிலுக்குள் போ. ஓட்டிப் பார்த்தேன். அருமை.

மறுநாள் தோழி வந்து "வசனம் சீக்கிரம் ஓடுதுடி, படிக்கவே முடியல" என்றாள். சரி என்று ஒவ்வொரு வசனத்தையும் 5 விநாடி ஆக்கினேன். மொத்தம் 10. மறக்காமல் கதவின் வெயிட்டையும் 10 ஆக்கினேன். கூட்டத்தின் வெயிட்டை மட்டும் மறந்தே போனேன்!

அன்றைக்கு மதியம் எட்டாம் வகுப்பு முழுதும் பார்க்க வந்திருந்தது. பூனை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஏழாவது விநாடியில் மக்கள் கூட்டம் கிளம்பி, மூடிய கதவுக்குள்ளேயே நுழைந்து உள்ளே போய்விட்டது. எல்லோரும் போன பிறகு, பத்தாவது விநாடியில், கதவு மெதுவாகத் திறந்தது. ஒரே சிரிப்பு. "பேய் படமா?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமூக அறிவியல் சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, கதவு திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள போக முடிஞ்சிருந்தா சட்டமே தேவையில்லையே" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கதவு முதலில், மக்கள் பிறகு. இந்த வரிசை மாறினால் படமே பொய்யாகிவிடும்.

விநாடியை எண்ணி எண்ணிப் போட்டால் ஒன்றை மாற்றும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு. அப்படியென்றால் வேறு வழி?

வழி நம் பள்ளியிலேயே இருக்கிறது. காலையில் வழிபாட்டுக் கூட்டம் சில நாள் பத்து நிமிஷத்தில் முடியும். தலைமை ஆசிரியர் பேச ஆரம்பித்தால் அரை மணி ஆகும். ஆனால் எந்த வகுப்பும் தப்பாகத் தொடங்குவதில்லை. ஏன்? நாம் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வகுப்புக்குப் போவதில்லை. மணி அடித்தால் போகிறோம். மணி தள்ளிப்போனால் எல்லாமே சேர்ந்து தள்ளிப்போகும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்திலும் அப்படித்தான். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் இருந்து பாடுவார். அவர் பாடி முடித்து ஆட வரும்போதுதான் திரை விலகும். ஒரு நாள் தொண்டை நன்றாக இருந்தால் நீட்டிப் பாடுவார். திரை பிடிப்பவர் வாட்சைப் பார்த்து "நேரம் ஆச்சு" என்று இழுத்துவிட மாட்டார். பாட்டு முடிவது அவருக்கு ஒரு செய்தி. கட்டியங்காரனும் மத்தளக்காரரும் அந்தச் செய்திக்காகத்தான் காத்திருப்பார்கள்.

ஸ்கிராட்சில் இந்த மணிக்கு 'பிராட்காஸ்ட்' என்று பெயர். ஒலிபரப்பு, ரேடியோ போல. செய்திக்கு நாமே பெயர் வைக்கலாம். கேட்பவர் 'வென் ஐ ரிசீவ்' என்ற பிளாக்கை வைத்திருக்க வேண்டும். அந்தச் செய்தி வந்தால் மட்டும் அதன் கீழே உள்ளது நடக்கும். இதைத்தான் நிகழ்வு என்கிறார்கள். பச்சைக் கொடியை அழுத்துவதும் நிகழ்வு, விசைப்பலகையில் ஒரு பட்டனை அழுத்துவதும் நிகழ்வு.

படத்தை இப்படி மாற்றினேன். பூனை வசனத்தை முடித்ததும் 'கதவு திற' என்று ஒலிபரப்பும். கதவு அதைக் கேட்டு, பாதி திறந்த உடை, 0.3 விநாடி நிறுத்தம், முழுதும் திறந்த உடை, அதன் பிறகு 'உள்ளே வா' என்று ஒலிபரப்பும். கூட்டம் 'உள்ளே வா' கேட்டால் மட்டும் நடக்கும். இப்போது பூனை ஒரு மணி நேரம் பேசினாலும் கதவு திறக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. மூன்று வெயிட் பிளாக்கைத் தூக்கி எறிந்தேன், நிம்மதி.

இதில் ஒரு நுட்பம். கூட்டம் உள்ளே போன பிறகுதான் பூனை அடுத்த வசனம் பேச வேண்டும். அதற்கு 'பிராட்காஸ்ட் அண்ட் வெயிட்' என்று இன்னொரு பிளாக் இருக்கிறது. செய்தி அனுப்பிவிட்டு, அதைக் கேட்டவர்கள் வேலையை முடிக்கும் வரை காத்திருக்கும். பூனைக்கு அதைப் போட்டேன். ஆனாலும் கூட்டம் பாதி வழியில் இருக்கும்போதே பூனை பேச ஆரம்பித்தது. ரொம்ப நேரம் புரியவில்லை. பூனை யாருக்குச் செய்தி அனுப்பியது? கதவுக்கு. கதவு தன் வேலையை முடித்துவிட்டது. கூட்டத்தைக் கூப்பிட்டது கதவு, பூனை இல்லை. அதனால் கதவும் 'பிராட்காஸ்ட் அண்ட் வெயிட்' போட வேண்டும். அப்போதுதான் கதவு கூட்டத்துக்காகக் காத்திருக்கும், பூனை கதவுக்காகக் காத்திருக்கும். தலைமை ஆசிரியர் டீச்சரிடம் சொல்லி, டீச்சர் லீடரிடம் சொல்லி, லீடர் போர்டு துடைப்பது மாதிரி. நடுவில் ஒருவர் காத்திருக்காமல் போய்விட்டால் மேலே இருப்பவருக்குத் தெரியாது.

அடுத்த காட்சி 1947 ஆகஸ்ட் 15, சென்னை கோட்டையில் கொடி ஏறுவது. அன்று ஏற்றிய கொடியை இன்னும் சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கொடிக்கு 'கிளைடு 5 செகண்ட்ஸ்' போட்டேன். பின்னணியில் தேசிய கீதம் வைக்கலாம் என்று தோழி சொன்னாள். 52 விநாடி என்று எல்லோருக்கும் தெரியும், 'பிளே சவுண்ட் அன்டில் டன்' போட்டால் பாடி முடிக்கும் வரை அந்த வரிசை காத்திருக்கும். ஆனால் சார் வேண்டாம் என்றார். ஜன கண மன தேசிய கீதமாக ஏற்கப்பட்டது 1950 ஜனவரி 24-ல்தானாம். அதனால் அந்த இடத்தில் சத்தமே இல்லை. சும்மா கொடி மட்டும் ஏறுகிறது. பாட்டு இருந்ததை விட அதுவே எனக்குப் பிடித்தது.

இப்போது என் தம்பி கதை. அவன் இரண்டாம் வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' படிக்கிறான். கணக்கு நன்றாக வரும், வாசிப்பு மெதுவாக வரும். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பான். படத்தை முதலில் அவனுக்குத்தான் காட்டினேன். "கோ... யி... ல்... க..." என்று ஆரம்பித்தான். குமிழி மறைந்துவிட்டது. அடுத்த வசனம் வந்தது. அதிலும் முதல் வார்த்தைதான் படித்தான், மறைந்துவிட்டது. மூன்றாவது வசனத்தில் அவன் திரையையே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "எனக்கு இந்தப் படம் வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

சின்ன வகுப்புக்காகச் செய்த படம் இது. எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. 5 விநாடி போதும் என்று முடிவு செய்தது யார்? நான். எனக்கு அந்த வசனம் ஏற்கெனவே தெரியும், நானே எழுதியது. தெரிந்தவர் கண்ணுக்கு 5 விநாடி நீளம்தான்.

அதனால் அளந்து பார்ப்போம் என்று கிளம்பினேன். ஸ்கிராட்சிலேயே 'டைமர்' இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் 'ரீசெட் டைமர்' ஆகி வசனம் வரும். படித்து முடித்தவுடன் இன்னொரு பட்டன் அழுத்தினால் அப்போது டைமர் எவ்வளவு என்று பூனை சொல்லும். "கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது" என்ற வசனத்துக்கு எனக்கு 2 விநாடி. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு 4 விநாடி. என் தம்பிக்கு 11 விநாடி.

வசனத்தின் நீளத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடலாமா என்றும் பார்த்தேன். 'லெங்த் ஆஃப்' என்ற பிளாக் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லும். 'அம்மா' என்று கொடுத்தேன். 5 என்றது! நமக்கு மூன்று எழுத்துதானே? கணினி புள்ளியையும் காலையும் தனித் தனியாக எண்ணுகிறது. அ, ம, புள்ளி, ம, கால். ஆக ஐந்து. 'கோயில்' நமக்கு மூன்று, அதற்கு ஆறு. அந்த முழு வசனத்தில் நமக்கு 18 எழுத்து, அதற்கு இடைவெளியும் சேர்த்து 34. தமிழம்மாவிடம் சொன்னேன், "தொல்காப்பியர் கேட்டா அழுவார்" என்றார். நீளத்தை 3 ஆல் வகுத்தால் 11 விநாடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தம்பிக்குச் சரியாக இருந்தது. ஆனால் எட்டாம் வகுப்பு அதைப் பார்த்து "தூங்கிடுச்சா?" என்று கத்த ஆரம்பித்தது.

எந்த எண்ணைப் போட்டாலும் யாராவது ஒருவருக்கு அது தப்பு. இதுவும் அந்தக் கதவு கதைதான் என்று எனக்கு இரவு படுத்திருக்கும்போதுதான் தோன்றியது. நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது, படித்து முடிப்பதற்குக் காத்திருக்க வேண்டும். அது நிகழ்வு.

'சே' பிளாக்கில் விநாடி இல்லாததும் ஒன்று உண்டு. அதைப் போட்டால் குமிழி மறையாமல் அப்படியே நிற்கும். அதன் கீழே 'வெயிட் அன்டில்' பிளாக், அதற்குள் 'ஸ்பேஸ் கீ பிரஸ்டு'. அதாவது ஸ்பேஸ் பட்டனை அழுத்தும் வரை காத்திரு. இப்படி மூன்று வசனத்துக்கும் போட்டேன். தம்பியைக் கெஞ்சிக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். முதல் வசனத்தைப் படித்து முடித்து ஸ்பேஸை அழுத்தினான். மூன்று வசனமும் ஒரே நொடியில் ஓடி, கதவும் திறந்துவிட்டது!

"நான் ஒன்னும் பண்ணலக்கா, ஒரு தடவைதான் அமுக்குனேன்" என்றான். உண்மைதான். அவன் ஒரு தடவைதான் அழுத்தினான். ஆனால் விரலை எடுக்க அரை விநாடி ஆனது. அதற்குள் கணினி அடுத்த வசனத்துக்குப் போய், "ஸ்பேஸ் அழுத்தியிருக்கிறதா? ஆமாம்" என்று அதையும் தாண்டி, அடுத்ததையும் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பட்டனை அழுத்தினால் அழுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். இதற்கு மருந்து, இன்னொரு 'வெயிட் அன்டில்'. அதற்குள் 'நாட்' என்ற பச்சைக் கட்டையை வைத்து, ஸ்பேஸ் அழுத்தாமல் இருக்கும் வரை காத்திரு என்று போட வேண்டும். முதலில் அழுத்துவதற்குக் காத்திரு, பிறகு விரலை எடுப்பதற்குக் காத்திரு. கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதாது, தட்டி முடிக்கவும் விட வேண்டும். செய்து பார்ப்பவர்கள் இந்த இரண்டாவதை மறக்காதீர்கள். நான் மறந்து ஒரு நாள் போனது.

இன்னும் ஒரே ஒரு நிறுத்தம் பாக்கி. அது கணினி சொல்லிக்கொடுத்தது இல்லை, எங்க பாட்டி சொன்னது.

வீட்டில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். பாட்டியின் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவங்க ஊர்க் கோயிலுக்குள் முதல் முதலாகப் போனார்களாம். "கதவத் தொறந்துட்டாங்க, வாங்கன்னும் சொல்லிட்டாங்க. ஆனா யாருக்கும் கால் எழும்பலயாம். வாசப்படிகிட்டயே நின்னுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். அப்புறம் ஒரு கெழவி மொதல்ல கால வச்சுதாம்" என்றார். எவ்வளவு நேரம் நின்றார்கள் பாட்டி என்று கேட்டேன். "அது யாருக்குடி தெரியும்" என்றார்.

என் படத்தில் கதவு திறந்தவுடனே கூட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது, மிட்டாய்க் கடைக்கு ஓடுவது போல. அதனால் 'வென் ஐ ரிசீவ் உள்ளே வா' என்பதற்குக் கீழே, நடப்பதற்கு முன்னால், ஒரு 'வெயிட் 1.5' போட்டேன். வெயிட் பிளாக்கே வேண்டாம் என்று தூக்கி எறிந்தவள் நானே திரும்ப எடுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த வரை வித்தியாசம் இதுதான். ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று தொடங்க வேண்டும் என்றால் செய்தி அனுப்புங்கள். பார்ப்பவர் படிக்க வேண்டும் என்றால் அவர் கையில் பட்டனைக் கொடுங்கள். நிற்பதே கதையாக இருந்தால் அங்கே வெயிட் போடுங்கள்.

பிப்ரவரி 1 அன்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லோரையும் உட்கார வைத்து, புரொஜெக்டரில் போட்டோம். தம்பியை விசைப்பலகை முன்னால் உட்கார வைத்தேன். வர மாட்டேன் என்றான். ஸ்பேஸ் பட்டன் உனக்குத்தான் என்றதும் வந்தான். முதல் வசனத்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான். பின்னால் இருந்து மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் "சீக்கிரம் அமுக்குடா" என்றான். தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் படித்தான்! இரண்டாவது வசனத்தில் அவன் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார்கள். "தி... ற... ந்... த... து" என்று முடித்துவிட்டு அழுத்தினான். விரலையும் எடுத்தான்.

கதவு திறந்தது. கூட்டம் வாசலில் நின்றது. அவன் ஸ்பேஸை அழுத்தினான், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினான். அதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டான். "அக்கா, கதவு தொறந்துதான இருந்துச்சு, ஏன் நின்னாங்க?"

பாட்டியிடம் கேள் என்று சொன்னேன். அன்று இரவு கேட்டான், பாட்டி முழுக் கதையும் சொன்னார். மறுநாள் நான் அந்த 1.5-ஐ 3 ஆக்கிவிட்டேன். கணினி அறையில் மூன்றாவது கணினியில் 'ஓமந்தூர் கதவு' என்ற பெயரில் படம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் டீச்சரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்பேஸ் பட்டனை மட்டும் மெதுவாக அழுத்துங்கள், அது ஏற்கெனவே கொஞ்சம் ஆடுகிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஓமந்தூர்